காயும் வரை மூடிய ஜன்னல்

பெயிண்டர் வீட்டுச் சுவரில் கறை இருந்தால் நாலு பேர் சிரிக்கமாட்டார்களா? அவருக்கு இருந்த கவலையெல்லாம் அது ஒன்றுதான். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. குழாய் எங்கேயோ கசிந்து, இடுப்பு உயரத்துக்கு ஈரம் ஏறி, கறுப்புப் புள்ளி விழும். குழாயைச் சரி செய்யச் சுவரை உடைக்க வேண்டும். அது யாரால் ஆகும்? வேலை செய்த வீடுகளில் மிஞ்சிய ஆயில் பெயிண்டைக் கொண்டுவந்து கறைமேல் ஒரு கோட்டிங் கொடுத்துவிடுவார்.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறீங்க" என்பாள் மனைவி.

"மறைஞ்சுதா இல்லையா, அதைச் சொல்லு."

மறையத்தான் செய்தது, இரண்டு மூன்று மாதத்துக்கு. பெயிண்ட் காயும்வரை ஜன்னலைத் திறக்க விடமாட்டார். ஈரப் பெயிண்டில் தூசி ஒட்டினால் வேலை கெட்டுப்போகும் என்பது தொழில் பாடம். இருபது வருஷம் தின்னரில் ஊறிய மூக்கு அவருக்கு. அடுப்பில் பால் தீய்ந்தால்கூட மனைவி கத்தினால்தான் தெரியும்.

முந்தாநாள்தான் இளநீலம் அடித்திருந்தார். இன்று காலை ஏழு வயது மகளுக்கு மறுபடியும் மூச்சு இரைத்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். முகமூடி வைத்து மருந்துப் புகை கொடுத்தபிறகு, மூச்சு ஒரு வழிக்கு வந்தது.

டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். "வீட்ல ஈரம், பூஞ்சை ஏதாவது இருக்கா?"

"சேச்சே! நம்ம வீடு கண்ணாடி மாதிரி இருக்கும் டாக்டர்" என்றார் அவர்.

"அப்பா அடிக்கடி கலர் மாத்துவாரு" என்றாள் மகள், முகமூடிக்குள்ளிருந்து.

"பெயிண்ட் அடிச்ச ரூம்லயா தூங்கறீங்க? ஜன்னல் திறந்திருக்குமா?"

"திறந்தா தூசி ஒட்டுமே டாக்டர்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "உள்ளே பூஞ்சை, மேலே பெயிண்ட் நெடி, ஜன்னலும் மூடி. இவ அதைத்தான் மூச்சா இழுக்கறா. கசிவை நிறுத்துங்க, சுவரைச் சுரண்டுங்க. அதுவரைக்கும் பாப்பா அந்த ரூமுக்குள்ள போகக் கூடாது" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் மகளை வாசலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கட்டிலை நகர்த்தி, பட்டி பூசும் தகட்டைச் சுவரில் வைத்துத் தள்ளினார். பெயிண்ட் அப்பளம்போலப் பெயர்ந்து வந்தது. நீலத்துக்கு அடியில் ரோஸ். ரோஸுக்கு அடியில் பிஸ்தா பச்சை. அதற்கும் அடியில் சந்தனம். கடைசியில் கறுப்பு, தொட்டால் ஈரம்.

மனைவி ஆஸ்பத்திரி ஃபைலோடு கதவருகே நின்றாள். குரலில் கோபம்கூட இல்லை.

"ரோஸ் அடிச்ச வாரம் ரெண்டு நாள் அட்மிட். பச்சைக்குத்தான் ஆக்சிஜன் வெச்சாங்க. சந்தனத்துல ஆரம்பிச்சுது இருமல்."

அவர் கையில் இருந்த பொருக்கைப் பார்த்தார். நாலு நிறம், ஒன்றன்மேல் ஒன்றாக, அவர் கைப்பட அடித்தது. அழுகை வரும் என்று நினைத்தார். வரவில்லை. நெஞ்சு மரக்கட்டையாகக் கிடந்தது. கை மட்டும் சுரண்டிக்கொண்டே இருந்தது.

ஜன்னலைத் திறக்கப் போனார். அசையவில்லை. சட்டத்தையும் கதவையும் சேர்த்துப் பெயிண்ட் ஒட்டியிருந்தது. அதுவும் அவர் அடித்ததுதான். தகட்டின் முனையால் சுற்றிலும் கீறி, தோளைக் கொடுத்து இடித்தார். ஜன்னல் படாரென்று திறந்து காற்று உள்ளே வந்தது.

துணியை அவிழ்த்து மூச்சை இழுத்தார். நல்ல வாசனையும் தெரியவில்லை, கெட்டதும் தெரியவில்லை. வாசல் பக்கம் திரும்பி, "பாப்பா, அங்கே நெடி வருதாம்மா?" என்று கேட்டார்.

"வருதுப்பா. எப்பவும் வர்றதுதானே?" என்றாள் மகள்.