பட்டியல் கொண்டெய்னருக்குள் இருக்கிறது

முதல் அடி லப்டொப்புக்கு விழுந்தது. இரும்புக் கம்பியால் அதை இரண்டாகப் பிளந்தவன், ஏதோ சுறாவைக் கொன்றுவிட்டவன் மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். சுவேதினிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு வரப் பார்த்தது. அந்த மடையன் உடைத்தது வெறும் யன்னலை. வீடு, அதாவது அவள் கட்டிய இணையத்தளம், கொழும்பில் வாடகைக்கு எடுத்த ஒரு சேவர் கணினியில் பத்திரமாக இருந்தது.

இரண்டாவது அடி அவளுடைய தம்பி மில்ரனின் வாயில் விழுந்தது. சிரிப்பு போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி. மன்னார்க் கரையில் அரிப்பு ஊரே தேவாலயத்துக்குப் பூசைக்குப் போயிருந்தது. சனம் போனைத் தொடாத அந்த ஒரு மணித்தியாலம்தான் இணையத்தளத்தின் புதுப் பதிப்பை ஏற்ற நல்ல நேரம் என்று சுவேதினி வீட்டில் நின்றாள். பழையதை நிறுத்திவிட்டுப் புதியதை எழுப்ப முதல் மூன்று பேர் கதவை உதைத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். தளம் இப்போது செத்துக் கிடந்தது.

அவள் கட்டிய தளம் ஒன்றும் பெரிய வித்தையில்லை. கடலில் டைனமைற் போட்டு மீன் பிடிக்கிறவர்களைக் கண்டால், கண்டவர் போனில் படமெடுத்து அனுப்பலாம். அவள் பார்த்தபின் படம் பொலிசுக்குப் போகும். அனுப்பியவரின் பெயர் போகாது. நாற்பத்தொரு பேர் நேற்றுவரை அனுப்பியிருந்தார்கள். அந்தப் படங்களால் போன மாதம் ஜெயகாந்த் முதலாளியின் இரண்டு வள்ளங்கள் பிடிபட்டன. ஜெயகாந்துக்கு இப்போது வேண்டியது அந்த நாற்பத்தொரு பெயரும்தான். பெயர் கிடைத்தால் அந்த வீடுகளில் என்ன நடக்கும் என்பதற்கு மில்ரனின் வாயே சாட்சியாக இருந்தது.

"பட்டியல் எங்க?" என்றான் சிவப்புச் சேட்டு போட்டிருந்தவன். மூவரில் அவன்தான் தலைவன். வெளியூர்க்காரன், அடிக்கவென்று கூலிக்கு வந்தவன்.

அவன் மில்ரனின் வலது கையை இழுத்து மேசை விளிம்பில் வைத்தான். கம்பி இறங்கியது. சுண்டுவிரல் முறிந்த சத்தத்தை விட மில்ரன் அலறிய சத்தம் பெரிது. அவன் கடற்றொழிலாளி, இருபத்துநாலு வயது, நண்டு வலை கட்டுகிற கை அது.

"சொல்லாதேங்கோ அக்கா!" என்று கத்தினான். அதற்கு இரண்டாவது விரல் போனது.

வாசலில் நான்காவதாக ஒருவன் நின்றான். அவனைச் சுவேதினிக்குத் தெரியும். சுபாஸ்கரன். முருங்கனில் அவளோடு உயர்தரம் படித்தவன். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் தனியே குந்தியிருந்தவளுக்குத் தன் தாய் கட்டிக்கொடுத்த சோற்றுப் பார்சலில் பாதியை நீட்டியவன். இப்போது வாடகை வான் ஓடுகிறான். எதற்குப் போகிறோம் என்று அவனுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

அந்தப் பார்சலை வைத்துத்தான் அவள் மூன்று மாதத்துக்கு முன் மீனவர் சங்கத்துக்கு இந்த வேலையை விளங்கப்படுத்தினாள். "தளம் ஒரு கொண்டெய்னருக்குள்ள ஓடுது" என்று தொடங்கியதும், சங்கத் தலைவர் அமிர்தநாயகம் எழும்பி, "துறையில நிக்கிற எங்கட நீலக் கொண்டெய்னரோ பிள்ளை? அப்ப ஐஸ் பெட்டியள எங்க வைக்கிறது?" என்று கேட்டார். மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது.

"அதில்லை ஐயா, இது கம்பியூட்டருக்குள்ள கட்டுற பெட்டி. சோத்துப் பார்சல் மாதிரி நினையுங்கோ. சோறு, கறி, பொரியல் எல்லாம் ஒண்டாக் கட்டியாச்சு. கொழும்பில அவிட்டாலும் மன்னாரில அவிட்டாலும் அதே சாப்பாடு. என்ன அரிசி, எவ்வளவு உப்பெண்டு எழுதி வைச்சிருக்கிறன். பார்சல் துலைஞ்சா அதைப் பாத்து அச்சொட்டா அதே பார்சலைத் திரும்பக் கட்டுவன்."

"எங்கட பெயரும் பார்சலுக்கையோ?"

"சீ, இல்லை. கொண்டெய்னர் எண்டது எறிஞ்சுபோட்டுப் புதுசு எடுக்கிற சாமான். பட்டியலை அதுக்குள்ள வைக்கிறவன் விசரன். அது வெளியில, தனிப் பூட்டில கிடக்கு." இதைக் கேட்ட பிறகுதான் சனம் துணிந்து படம் அனுப்பத் தொடங்கியது.

மூன்றாவது விரலுக்காகக் கம்பி உயர்ந்தது.

"கொண்டெய்னருக்குள்ள!" என்று கத்தினாள் சுவேதினி. "பட்டியல் கொண்டெய்னருக்குள்ள இருக்கு!"

யோசித்துச் சொன்னதல்ல. அந்தக் கம்பி ஒரு நிமிடம் நிற்கட்டும் என்று வாயில் வந்த தொழில் வார்த்தையை எறிந்தாள், அவ்வளவுதான். விளங்காத சொல்லைக் கேட்டுத் தலையைச் சொறிவார்கள் என்று நினைத்தாள்.

"எந்தக் கொண்டெய்னர்?"

பதில் வாசலிலிருந்து வந்தது. "துறையடியில நீலமா ஒண்டு நிக்குது, அண்ணை" என்றான் சுபாஸ்கரன். "சங்கத்தின்ர. நான் ஐஸ் ஏத்தப் போறனான். அதுவாத்தான் இருக்கும். அந்தப் பொடியனை விடுங்கோ."

சிவப்புச் சேட்டுக்காரன் அவள் பக்கம் திரும்பினான். "அதுதானோ?"

சுவேதினிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அன்று காலை ஒன்பது பன்னிரண்டுக்கு அவள் ஒரு புதுப் புகாரைத் திறந்து பார்த்திருந்தாள். நாற்பத்திரண்டாவது, இன்னும் பொலிசுக்கு அனுப்பாதது. நீலக் கொண்டெய்னருக்குள் எடுத்த படம். ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் சாக்குகள், சாக்குகளுக்குள் டைனமைற். "ஜெயகாந்தின்ர ஆக்கள் நேற்று இறக்கினவை. சங்கத்துக்கையே ஒருத்தன் பூட்டின்ர திறப்புக் குடுத்திருக்கிறான்" என்று கீழே எழுதியிருந்தது. சங்கத்தின் சொத்துக்குள் எவன் வந்து தேடப்போகிறான் என்ற தைரியம் முதலாளிக்கு. கூலிக்கு வந்தவர்களுக்கு இது ஒன்றும் தெரியாது.

துறையில் இப்போது ஆளில்லை. ஊர் முழுக்கக் கோயிலில். அதையும் அவள் எண்ணிப் பார்த்தாள். பிறகு மில்ரனின் கையைப் பார்த்தாள். எரிகிற கோபம் வந்தது, வெட்கமில்லாத கோபம்.

"ஓம்" என்றாள்.

"திறப்பு?"

"தலைவரிட்ட. அவர் பூசையில."

"முதலாளிக்கு ஒருக்கா எடுத்துக் கேப்பமோ?" என்றான் லப்டொப்பை உடைத்தவன்.

"அவரும் பூசையிலதான், முன்வாங்கில. போனை நிப்பாட்டியிருப்பார்" என்றான் சிவப்புச் சேட்டு. "பூட்டை உடைப்பம். உடையாட்டி வானுக்க பெற்றோல் கிடக்கு, முழுக்கக் கொளுத்திப்போட்டுப் போவம். பேரும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

மூன்று பேரும் இறங்கி வானுக்குப் போனார்கள். சுபாஸ்கரன் மட்டும் ஒரு கணம் உள்ளே வந்தான். குடத்திலிருந்து ஒரு கோப்பை தண்ணீர் வார்த்து மில்ரனுக்குப் பக்கத்தில் வைத்தான். "எனக்குத் தெரியாது சுவேதினி, சத்தியமா" என்றான். "அவங்களை இறக்கிவிட்டிட்டு ஓடி வாறன். ஆசுபத்திரிக்குக் கொண்டுபோவம்."

'நீ போகாதை' என்று அவள் சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். சொன்னால் அவன் ஏனென்று கேட்பான், வானடியில் நிற்கிறவர்கள் காதில் விழும், கம்பி திரும்பி வரும், பட்டியல் போகும். இத்தனையும் யோசித்து முடிக்க வான் கிளம்பிவிட்டது.

பூட்டு உடையவில்லை போலும். கால் மணித்தியாலம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நிலம் ஒருமுறை தூக்கிப் போட்டது. யன்னல் கண்ணாடிகள் உள்ளே கொட்டின. துறைப் பக்கம் கறுப்பாகப் புகை எழும்பியது. கோயிலிலிருந்து சனம் குழறிக்கொண்டு ஓடுகிற சத்தம் கேட்டது. சுவேதினி தம்பியின் கையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டுவதை நிறுத்தவில்லை.

"அக்கா" என்றான் மில்ரன், இரத்தம் வழிகிற வாயால். "பட்டியல் கொண்டெய்னருக்குள்ள இல்லையெண்டு நீங்கள்தானே அண்டைக்குச் சங்கத்தில சொன்னனீங்கள்?"

அவள் எழும்பி அலுமாரியிலிருந்து பழைய லப்டொப்பை எடுத்தாள். எழுதி வைத்த செய்முறையைக் கொடுத்து ஒரே கட்டளை தட்டினாள். ஐந்து நிமிடத்தில் தளம் எழும்பி நின்றது. அச்சொட்டாக அதே தளம், ஓர் எழுத்துப் பிசகவில்லை. நாற்பத்திரண்டு பெயரும் பூட்டுக்குள் இருந்தன. நாற்பத்திரண்டாவது புகாரும் இருந்தது. அதன் கீழே அவளே எழுதிய நிரல் பதிந்து வைத்த வரி: பார்த்தவர் சுவேதினி, நேரம் 9.12.

மில்ரன் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அந்த வரியை அழியுங்கோ அக்கா" என்றான் மெதுவாக. "ஒருத்தருக்கும் தெரியவராது."

அழிக்க அவளால் முடியும். விரலும் அங்கேதான் நின்றது. அப்போது போன் அடித்தது. புஸ்பம் அன்ரி. சுபாஸ்கரனின் தாய். முருங்கனிலிருந்து.

"பிள்ளை, அரிப்பில ஏதோ வெடிச்சதாமே? எங்கட சுபாஸ் அங்கதானே வாடகைக்கு வந்தவன். எடுத்தா போன் வேலை செய்யுதில்லை. நீ அவனைக் கண்டனியோ?"

"ஓம் அன்ரி" என்றாள் சுவேதினி. அந்தப் பக்கம் "எங்க? எங்க கண்டனி? பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

அவள் போனைத் துண்டிக்காமல் மேசையில் வைத்துவிட்டு, அந்த வரியோடு புகாரைப் பொலிசுக்கு அனுப்பினாள்.