கன்னத்துத் தழும்பு

நவம்பர் ஒன்றாம் தேதி காலை, தலைநகரிலிருந்து அரக்கு வைத்த கட்டு வந்தது. போன் சூர்ஸ் தபால் நிலையத்தில் அதைப் பிரிக்க வேண்டியவள் ராஜ்வந்தி. பத்தொன்பது வருடமாக அந்த கவுண்டர் அவளுடையது. நூலை அறுத்து, மேல்தாளை எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள்.

மறுநாள், கூலிகள் வந்திறங்கிய நாள் விழாவில் வெளியிட வேண்டிய தபால்தலை. மொரீஷியஸ் கொடிக்கும் இந்தியக் கொடிக்கும் நடுவில் ஒரு பெண்ணின் முகம். தலையில் முக்காடு. கண்கள் கேமராவைப் பார்க்கவில்லை. பக்கத்தில் நின்ற யாரையோ பார்த்தன. கீழே, 'நட்பின் முகம்'. அதற்கும் கீழே பொடி எழுத்தில், 'பெயர் தெரியாத கூலிப் பெண்'.

"என்ன மாதாம், பேயப் பாத்த மாதிரி நிக்கிறீங்க?"

போஸ்ட்மாஸ்டர் அரிஸ்தீத் ரொட்டியை மென்றுகொண்டே வந்தார்.

"இவ எங்க ஆளு, மிஸ்யே."

"நாளைக்கு ஊரே அப்படித்தான் சொல்லும்."

"இல்ல. இது லக்பதியா. எங்க அம்மாவோட பாட்டிக்கு அம்மா. இதே போட்டோ எங்க வீட்டு பீரோவுல இருக்கு. ஆவணக் காப்பகத்துல முத்திரை போட்டுக் குடுத்தது. பேரு, நம்பர், வயசு எல்லாம் அதுல இருக்கு."

அவர் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

"உங்களுக்கு நம்பராவது இருக்கு. எங்க ஆளுங்கள அடிமையாக் கட்டிக் கொண்டாந்தவன் அதக்கூட எழுதி வைக்கல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

மதியம் வீட்டுக்குப் போய் அந்தப் படம் ஒட்டிய காகிதத்தை எடுத்து வந்தாள். தபால்தலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே முக்காடு, அதே மூக்குத்தி. ஒன்று மட்டும் இல்லை. காகிதத்தில் இருந்த லக்பதியாவுக்கு இடது காதிலிருந்து உதட்டோரம் வரை ஒரு கோடு ஓடியது. தபால்தலையில் கன்னம் கழுவிய தட்டு மாதிரி இருந்தது.

ஐந்து வருட ஒப்பந்தம் முடிந்தபோது எடுத்த படம் அது. 'அடையாளம்: இடது கன்னத்தில் நீண்ட தழும்பு' என்று குமாஸ்தா எழுதியிருந்தான். தோட்டத்தில் வேலை வாங்கிய சர்தாரின் பிரம்பு என்று வீட்டில் சொல்வார்கள்.

அந்தக் காகிதத்தை ஏற்கெனவே இந்தியத் தூதரகத்தில் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறாள். அங்கிருந்து வந்தவர்களின் வம்சத்துக்கு இந்தியா ஓர் அட்டை தருகிறது என்றார்கள். மகள் யஷ்னா புனேயில் மருந்தியல் படிக்கிறாள். வருடா வருடம் விசாவுக்கு அலைகிறாள். அட்டை கிடைத்தால் அந்த அலைச்சல் இல்லை. கவுண்டரில் இருந்த பையன் காகிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். "இவ எங்க நாட்டுக்காரிங்கிறதுக்கு என்ன ஆதாரம்? இதுல போட்டிருக்கிற கிராமம் எங்க பட்டியல்லயே இல்ல. ஒரு போட்டோவ வச்சு என்ன பண்றது?" இரண்டு வருடமாகிறது. அந்தக் குரல் இன்னும் அவள் காதில் இருக்கிறது.

சாயங்காலம் விழாக் குழுவின் ஹேம்ராஜ் பந்தலைப் பார்க்க வந்தான். உள்ளூர்க்காரன்தான். அரைக் கோட்டும் பேச்சும் மட்டும் டெல்லி.

"ஹேம்ராஜ் பாய், தழும்ப யாரு அழிச்சது?"

"எந்தத் தழும்பு?"

காகிதத்தைக் காட்டினாள். குனிந்து பார்த்தான்.

"ஓ, அதுவா. டிசைனர் வேலை, தீதி. நட்பு ஸ்டாம்புல தழும்பு நல்லாவா இருக்கும்?"

"பேரு?"

"பேரு இல்லன்னாதான் எல்லாருக்கும் சொந்தம். பேரு போட்டா ஒரு வீட்டுக்குப் போயிடுவா."

"ஒரு வீட்டுக்காரிதான் அவ."

"இருக்கலாம். ஆனா உங்க பேப்பர்ல தழும்பு இருக்கு, ஸ்டாம்புல இல்ல. ரெண்டும் ஒரே ஆளுன்னு எப்படிச் சொல்றது?"

கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தாள். இல்லை, உண்மையாகவே கேட்டான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"நீங்களே அழிச்சிட்டு நீங்களே எங்கன்னு கேக்குறீங்க."

"அச்சடிச்சாச்சு, தீதி."

"அச்சடிச்சது இருக்கட்டும். நாளைக்கு மைக்ல அவ பேரச் சொல்லுங்க. ஒரே ஒரு வாட்டி. முத்திரை குத்துறதுக்கு முன்னாடி."

"பாக்கலாம்" என்றான்.

மறுநாள் பழைய ஆலை முற்றத்தில் பந்தல் நிறைந்திருந்தது. டெல்லியிலிருந்து வந்த விருந்தாளி அரை மணி நேரம் பேசினார். ஒரே ரத்தம், ஒரே பண்பாடு. நம்பிக்கையைக் கைப்பிடித்துக் கடல் கடந்து வந்த தாய். ஜனங்கள் கதோ பிமா மிளகாய் வடையைத் தின்றுகொண்டே கைதட்டினார்கள்.

ராஜ்வந்தி சீருடையில் சின்ன மேஜைக்குப் பின்னால் நின்றாள். முன்னால் தபால்தலை ஒட்டிய உறைகள், மைப்பெட்டி, முத்திரை இருந்த மரப்பெட்டி. பெட்டி பூட்டியிருந்தது. காலையில் கையெழுத்துப் போட்டு முத்திரையை எடுப்பவரிடமே மாலைவரை அது இருக்க வேண்டும். அது தபால் நிலைய விதி.

"இப்போது, முதல் நாள் முத்திரை" என்றான் ஹேம்ராஜ் மைக்கில்.

பேரைச் சொல்லவில்லை.

விருந்தாளி மேஜைக்கு வந்து நின்றார். கேமராக்கள் நெருங்கின. அவள் பெட்டியைத் திறக்கவில்லை. ஹேம்ராஜ் சிரித்த முகத்தோடு அவள் காதுக்குக் குனிந்தான்.

"தீதி, பெட்டி."

"பேரு."

"டிவிக்காரங்க நிக்கிறாங்க."

"நிக்கட்டும்."

"உங்களுக்கு அந்த இந்திய அட்டைதானே வேணும்? ஊருக்கே தெரியும். என்கிட்ட விடுங்க. அடுத்த வாரம் கையில இருக்கும். பொண்ணுக்கும் சேர்த்து. இப்பத் திறங்க."

யஷ்னா போன மாதம் போனில் அழுதாள். வரிசையில் நின்று, கவுண்டர் மூடிவிட்டது, நாளைக்கு மறுபடியும் வர வேண்டும் என்று. ராஜ்வந்தி சாவியைப் பூட்டுவரை கொண்டுபோய் நிறுத்தினாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி ஆதாரம் இல்ல. இப்ப எங்கேருந்து வந்துச்சு, பாய்?"

அவன் நிமிர்ந்தான். சிரிப்பை மாற்றாமலே மைக்குக்குப் போனான்.

"இந்தப் படத்தில் இருப்பவர் லக்பதியா என்ற பெண்மணியாக இருக்கக்கூடும் என்று இங்குள்ள ஒரு குடும்பத்தார் நம்புகிறார்கள்."

கைதட்டினார்கள். அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"போஸ்ட்மாஸ்டர் நீங்கதானே?" என்றான் அரிஸ்தீத்திடம், இப்போது சிரிக்காமல். "அவங்ககிட்டச் சொல்லுங்க."

அரிஸ்தீத் மெதுவாக மேஜைக்கு வந்தார். அவளிடம் கை நீட்டினார்.

"சாவியா, மிஸ்யே?"

"காகிதம்."

வாங்கிக்கொண்டு மைக்குக்குப் போனார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பதிவுத் தபாலின் விலாசத்தை வாசிப்பதுபோல வாசித்தார்.

"லக்பதியா. எண் மூணு லட்சத்து எண்பத்தோராயிரத்து நாப்பத்தேழு. வயசு இருபத்தஞ்சு. ஜில்லா ஆரா. அடையாளம், இடது கன்னத்தில் நீண்ட தழும்பு."

காகிதத்தை மடித்தார். பிறகு, "ஸ்டாம்புல அதை அழிச்சிட்டாங்க" என்றார்.

யாரும் கைதட்டவில்லை. விருந்தாளி தன் வாட்சைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்து ஒருவர், "நம்பர் என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அரிஸ்தீத் மறுபடி மடிப்பைப் பிரித்து வாசித்தார்.

ராஜ்வந்தி பெட்டியைத் திறந்தாள். முத்திரையை மையில் ஒற்றினாள். விருந்தாளி கையை நீட்டினார்.

"நான் பிடிச்சுக்கறேன். நீங்க மேல அழுத்துங்க, போதும்."

தபால்தலை சேர்ப்பவர்கள் அவள் குத்தும் முத்திரைக்காகவே தலைநகரிலிருந்து பஸ் ஏறி வருவார்கள். படத்தைத் தொடாமல் மூலையில் மட்டும் முத்திரையின் விளிம்பு படும். பத்தொன்பது வருடத்தில் ஒன்றுகூடத் தப்பியதில்லை. இன்று அவள் முத்திரையை நடுவுக்குக் கொண்டுவந்தாள். வட்டத்தின் விளிம்பை இடது காதிலிருந்து உதட்டோரம் வரை பொருத்தினாள். அழுத்தினார்கள்.

விருந்தாளியின் கார் போன பிறகு கவுண்டரில் வரிசை நின்றது. முதல் ஆள், வழக்கமாக வரும் ரிட்டயர்டு வாத்தியார், அவள் முத்திரை குத்திக் கொடுத்த உறையைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"என்ன மாதாம் இது, உங்க கையா? மூஞ்சியிலயே விழுந்திருக்கு. இனிமே இத எவன் வாங்குவான்?"

"அங்கதான் இருந்துச்சு, வாத்தியாரே."

அவர் இன்னொரு முறை பார்த்தார். பிறகு பையைத் துழாவி இரண்டாவது உறையை எடுத்து நீட்டினார்.

"இதுலயும் அதே இடத்துல."