ஒரு ஜாண் இறக்கம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. நாடக அரங்கு ஒன்றில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் என் அண்ணி, போன சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பொரிந்து தள்ளியது. நான் காதைக் கொடுத்தேன். அவ்வளவுதான் என் உழைப்பு.

இப்படி ஆரம்பித்தேன்: 'வாழ்க்கையும் ஒரு மோட்டார்தான். அதற்கும் ஒரு பிரேக்...'

அண்ணி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். "தம்பி, பிரேக்குன்னா பிரேக்குதான். அதுக்குள்ள வாழ்க்கையை எதுக்குத் திணிக்கிறீங்க?"

அந்த வரியை அடித்துவிட்டேன்.

2

மேடைக்கு மேலே முப்பது விளக்குகள் தொங்கும் இரும்புக் குழாய். அதை ஏற்றி இறக்க ஒரு மோட்டார், மோட்டாரின் வாலில் ஒரு பிரேக். (மிதித்தால் பிடிக்கிற ரகமல்ல. மின்சாரம் வந்தால் விடும். போனால் ஸ்பிரிங் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் நடிகர் தலை தப்பும். இந்த அடைப்புக்குறியைத் தாண்டிப் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம். மேனேஜரும் அப்படித்தான் போனார்.)

வெள்ளிக்கிழமை ஒத்திகையில், மோட்டார் நின்ற பிறகும் குழாய் ஒரு ஜாண் இறங்கியது.

"ஒரு ஜாண்தானேம்மா? நாடகம் பாக்க வர்றவன் ஸ்கேலோடயா வர்றான்?" என்றார் மேனேஜர்.

"போன வாரம் நாலு விரல் சார். நேத்து அரை ஜாண்."

"சாயங்காலம் ஷோ. முடிஞ்சதும் பாரு."

"சரி சார். அதுக்கு அடியில பத்து நிமிஷம் நீங்க நின்னு காட்டுங்க. நான் பேசாம போயிடறேன்."

மேனேஜருக்குச் சட்டென்று ஒரு மீட்டிங் ஞாபகம் வந்தது.

3

(மேனேஜரை ரொம்பக் கோமாளியாக்குகிறேனோ? நல்லவராக்கியும் பார்த்தேன்: 'அவருக்கும் மேலிடத்து நெருக்கடி, அவரும் ஒரு...' அண்ணி சிரித்த சிரிப்பில் அந்த வாக்கியம் அங்கேயே உயிரை விட்டது.)

அண்ணி குழாயைத் தரைவரை இறக்கி, மெயினை அணைத்துப் பூட்டுப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏணியில் ஏறினார். பிரேக்கின் மூடியைக் கழற்றியதும் வண்டவாளம் தெரிந்தது. மோட்டாருக்கு வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டி பொருத்திய மகராசர்கள், பிரேக்குக்குத் தனி ஒயர் இழுக்கச் சோம்பி, மோட்டார் ஒயரிலேயே ஒட்டுப் போட்டிருந்தார்கள். மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது அந்த ஒயரில் வோல்டேஜும் குறையும். பிரேக் முழுசாக விடாது. உரசி உரசி, பிடித்து நிறுத்துகிற பட்டையான லைனிங் காகிதமாகத் தேய்ந்திருந்தது.

புது லைனிங் போட்டார். தனி ஒயர் இழுத்தார். கிளம்பும்போது மோட்டார் பாரத்தைத் தாங்கிய பிறகுதான் பிரேக் விட வேண்டும். நிற்கும்போது பிரேக் பிடித்த பிறகுதான் மோட்டார் விட வேண்டும். அப்படியே அமைத்தார்.

"குழந்தையைக் கைமாத்தற மாதிரி தம்பி. அவங்க பிடிச்சாச்சான்னு பாத்துட்டுதானே நாம கையை எடுப்போம்?"

(உவமை கூடாது என்றவர் இவர்தான். குறித்துக்கொள்ளுங்கள்.)

ஷோ ஐம்பது நிமிடம் தாமதம். குழாய் நிறுத்திய இடத்தில் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. விழாத விளக்குக்கு எவன் கைதட்டுவான்?

4

முடிவு ஒன்று: குழாய் நேராக மேனேஜர் மேல்...

"நான் இருக்கறப்ப விழ விடுவேனா?" என்றார் அண்ணி. போச்சு.

முடிவு இரண்டு: மேனேஜர் கண்கலங்கி, "நீ மட்டும் இல்லேன்னா..." (எனக்கே குமட்டியது.)

நடந்தது வேறு. திங்கட்கிழமை அண்ணிக்குக் கடிதம் வந்தது: நிகழ்ச்சியைத் தாமதப்படுத்தியதற்கு விளக்கம் தரவும். வருத்தம் தெரிவித்து ஒரு வரி எழுதினால் விட்டுவிடுவார்களாம். "எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரு" என்கிறார் அண்ணன்.

அண்ணி வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்தார். "எழுத்தாளர்தானே, எழுதுங்க. பொய்யும் இருக்கக் கூடாது, வேலையும் போகக் கூடாது."

மூன்று தாள் கிழித்தேன். பிறகு இந்தக் கதையை எழுதி நைசாக நழுவப் பார்த்தேன். அவர் பேனாவைப் பிடுங்கித் தானே ஒரு வரி எழுதிவிட்டார். கையெழுத்து மட்டும் பாக்கி. நாளை காலை பத்து மணிக்குள் கொடுக்க வேண்டும். போடலாமா என்று கேட்கிறார். எனக்குத் துணிச்சல் போதாது. நீங்கள் படித்துப் பார்த்துச் சொல்லுங்கள்:

'ஐயா, வெள்ளிக்கிழமை மாலை முப்பது விளக்குகளும் யார் தலையிலும் விழாமல் போனதற்கு மிகவும் வருந்துகிறேன்.'