தள்ளி நின்ற ஒன்று

நம்பர் பிளேட்டில் கடைசி எண்ணை மட்டும் நாலு விரல் தள்ளி நிறுத்திவிட்டால், ஊர் உலகம் தன்னை நம்பர் ஒன் என்று ஒப்புக்கொள்ளும் என்று அவள் புருஷன் நம்பினார். காரின் எண் 4731. நாலையும் ஏழையும் மூன்றையும் ஒண்டுக்குடித்தனம் போல ஒரு மூலையில் நெருக்கிவிட்டு, ஒன்றை மட்டும் பங்களாக்காரன் மாதிரி தனியே குடிவைத்து எழுதி வாங்கியிருந்தார். அவர் மெத்தைக் கடையில் மூன்றாவது சேல்ஸ்மேன். கார் அவள் பெயரில் இருந்தது. கர்வம் மட்டும் அவர் பெயரில்.

அவளுக்கு ஒரு வேலை வந்திருந்தது. கிளினிக்குகளிலிருந்து ரத்த சாம்பிள்களைக் காரில் எடுத்துப்போய் லேபில் சேர்க்க வேண்டும். லேப் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார்: "வண்டியோட தகுதிச் சான்றிதழ் இன்னிக்கு சாயந்திரத்துக்குள்ள வரணும்மா. இல்லேன்னா வேலை அடுத்த ஆளுக்குப் போயிடும்."

வாகனப் பரிசோதனை மையத்தை ஒட்டிய சந்தில் அன்றைக்கு நல்ல கூட்டம். இஸ்திரி மடிப்புக் கலையாத கனவான்கள் அவரவர் காருக்குப் பின்னால் குந்திக்கொண்டு, அழகு பிளேட்டைக் கழற்றிச் சட்டப் பிளேட்டை மாட்டிக்கொண்டிருந்தார்கள். சந்து முனைக் கடைக்காரர் எல்லாருக்கும் ஸ்க்ரூ டிரைவர் இரவல் கொடுத்தார். இவர்களுக்கெல்லாம் இஷ்டப்படி இடம்விட்டு எழுதிக் கொடுத்த புண்ணியவானும் அவரேதான்.

பக்கத்தில் ஒரு பல் டாக்டர். இவர்களுடையதைப் போலவே அதே கம்பெனி, அதே சாம்பல் நிறக் கார்.

"நீங்களுமா டாக்டர்?" என்றார் அவள் புருஷன், சொந்தக்காரரைப் பார்த்த சந்தோஷத்தில்.

"பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு கொஞ்சம் இடைவெளி விட்டேன். அதுக்குப் போய் ரூல் பேசுறாங்க."

"பல்லுல இவ்வளவு இடைவெளி இருந்தா நீங்க அடைச்சிருப்பீங்களே, டாக்டர்" என்றாள் அவள்.

டாக்டர் வாயைத் திறக்காமல் சிரித்தார்.

இரண்டு காரிலும் கழற்றிய பிளேட்டுகள், மாட்ட வேண்டியவை எல்லாம் சுவரோரம் ஒரே அட்டையின்மேல் கிடந்தன. "நான் போய் வரிசையில நிக்கிறேன்" என்றாள் அவள். "நீங்க நம்பரைப் பார்த்து மாட்டுங்க."

"என் வண்டி நம்பர் எனக்குத் தெரியாதா?"

ஆய்வாளர் ஒடிசலான மனிதர். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் போட்டிருந்தார். முன்பக்க பிளேட்டில் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். "எழுத்துக்கு எழுத்து இடைவெளி சமம். உயரம் சரி. கேமரா பார்த்ததும் படிச்சிடும்." அவளுக்கு மூச்சு வந்தது. பின்பக்கம் போனவர் திரும்பி முன்பக்கம் வந்தார். மறுபடியும் பின்பக்கம் போனார்.

"சொந்த வண்டியா?"

"ஆமா சார்" என்றார் புருஷன்.

"நம்பர் சொல்லுங்க."

புருஷன் நிமிர்ந்து நின்றார்.

"கடைசியில ஒண்ணு வரும் சார்."

"பத்து வண்டியில ஒரு வண்டிக்கு அப்படித்தான் வரும். அதுக்கு முன்னாடி?"

அதற்கு முன்னால் என்ன என்று அவர் இத்தனை நாளில் பார்த்ததே இல்லை.

"முன்னால நாப்பத்தேழு முப்பத்தொண்ணு. பின்னால நாப்பத்திமூணு எழுபத்தொண்ணு" என்றார் ஆய்வாளர். "ஒரு வண்டிக்கு ரெண்டு நம்பர். இது இடைவெளி சமாச்சாரம் இல்லைங்க, போலீஸ் சமாச்சாரம்."

லேப் வேலை கண்ணெதிரே கைநழுவிக்கொண்டிருந்தது.

"சார், உள்ளதைச் சொல்லிடுறேன்."

"நீ சும்மா இரும்மா" என்றார் புருஷன்.

"இத்தனை நாள் சும்மா இருந்ததுதான் இங்க வந்து நிக்குது." ஆய்வாளர் பக்கம் திரும்பினாள். "எங்க வண்டியில தள்ளி எழுதின பிளேட்டு இருந்துச்சு. உங்களுக்குக் காட்டத்தான் சார் இதை மாட்டினோம். சந்துல மாறிப்போச்சு. எங்க பின் பிளேட்டு அந்தப் பல் டாக்டர் வண்டியில இருக்கும்."

வரிசையில் பின்னால் நின்ற காரில் டாக்டர் மெதுவாகக் கண்ணாடியை ஏற்றினார்.

ஆய்வாளர் போய்ப் பார்த்தார். இருந்தது. அவளுடைய காகிதங்களையும் இன்ஜின் எண்ணையும் ஒத்துப் பார்த்தார், எல்லாம் சரி. பிளேட்டுகள் இடம் மாறின. அவர் கையெழுத்துக்காக அவள் காத்திருந்தாள்.

"டிக்கியைத் திறங்க" என்றார் ஆய்வாளர்.

உள்ளே பழைய துண்டில், பச்சைப் பிள்ளையைச் சுற்றுவது போல் பக்குவமாகச் சுற்றிய இரண்டு அழகு பிளேட்டுகள்.

"வெளிய போனதும் மாட்டிக்கத்தானே? இது முழுசா இருக்கிற வரைக்கும் கையெழுத்து கிடையாது." தகரம் வெட்டும் கத்தரியை எடுத்து நீட்டினார்.

"நாளைக்கு வரலாம்மா" என்று புருஷன் அவள் காதருகே கெஞ்சினார். "கடையில எல்லாரும் பார்த்த பிளேட்டு. நாளைக்கு இது இல்லாம நான் எப்படிப் போய் நிப்பேன்?"

"எப்பவும் போல மூணாவதா நில்லுங்க."

கத்தரியை வாங்கினாள். அந்த அகலமான இடைவெளி வெட்டுவதற்குத்தான் எவ்வளவு தோதாக இருந்தது. எங்கேயும் எண்ணில் படாமல் கத்தரி வழுக்கிக்கொண்டு போயிற்று. இரண்டாவதையும் வெட்டினாள். தனியாக விழுந்த ஒன்றுகளைப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இந்தாங்க. இப்போ ரெண்டு தடவை நம்பர் ஒன்."

கையெழுத்து விழுந்தது. சந்து முனையில் கடைக்காரர் கை காட்டினார். "அக்கா, புதுசா எழுதிடலாமா? இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் தள்ளி?" அவள் பிரேக்கைத் தொடவில்லை.

லேபுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. வாட்ச்மேன் புருஷன் பக்கத்து ஜன்னலில் குனிந்தார்.

"சாம்பிள் வண்டிக்குப் பாஸ் எழுதச் சொல்லியிருக்காங்க சார். நம்பர் சொல்லுங்க."

புருஷன் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மடியிலிருந்த தகரத்தைத் தடவினார்.

"கடைசியில ஒண்ணு வரும்ப்பா" என்றார்.

வாட்ச்மேன் பேனாவை நாக்கில் தொட்டுக்கொண்டார்.

"சரிங்க. அதுக்கு முன்னாடி?"