முழங்கால் உயரத்தில் ஒரு பள்ளி

ராஜேஷ் காலையில் எழுந்து பால் வாங்குவான், ஒரு தம்ளர் காப்பி போட்டுக் குடிப்பான், எட்டு மணிக்குப் பள்ளியைத் திறந்து, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் நிற்கும் அந்தக் கட்டடத்தின் வாசலில் மர ஸ்டூலைப் போடுவான். பிள்ளைகள் அதில் ஏறித்தான் உள்ளே போக வேண்டும்.

எறையூர்ப் பக்கம் தெலுங்கு பேசும் விவசாயக் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் பள்ளி. ராஜேஷ் அங்கே கிளார்க்; திருமானூர்க்காரன், தமிழ்தான் பேசுவான். அவன் மனைவி சுகன்யா அந்த ஊர்ப் பெண். அவள் அங்கே தெலுங்கு வகுப்பு ஆரம்பித்த வாரம் கட்டடம் தரையை விட்டு ஒரு சாண் எழும்பியது. அந்த வருஷப் பொங்கலுக்குள் முழங்கால் அளவு வந்துவிட்டது. இன்ஜினியர் வந்து விரிசல் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். அடியில் கோழிகள் நிழலுக்கு ஒதுங்கின. போன ஐப்பசியில் சுகன்யா டெங்குவில் இறந்தாள்.

மொழிச் சிறுபான்மையினர் தங்கள் பள்ளியைத் தாங்களே நடத்த அரசியலமைப்பு உரிமை தந்திருக்கிறது. அவள் இடத்துக்கு நிர்வாகமே ஆள் போடலாம். ஆனால் இது சிறுபான்மைப் பள்ளிதானா என்று கல்வித் துறைக்குச் சந்தேகம் வந்தது. காரணம், பிள்ளைகளைச் சேர்க்கும்போது அத்தனை பெற்றோரும் தாய்மொழி தமிழ் என்றே சொல்லியிருந்தார்கள். வீட்டில் தெலுங்கு தவிர வேறு பேச்சில்லை. ஆனால் யாருக்கும் அதை எழுதத் தெரியாது. எழுதத் தெரியாததைத் தாய்மொழி என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்று நினைத்தார்கள். சிறுபான்மை அந்தஸ்து போனால் சுகன்யாவின் வகுப்பும் போய்விடும்.

விசாரிக்க வந்த அதிகாரி அம்பிகா ஸ்டூலில் ஏறி உள்ளே வந்து, பிள்ளைகளிடம் தாய்மொழி என்னவென்று கேட்டார்.

"தமிழ், மேடம்."

ஒவ்வொருவரும் அதையே சொன்னார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் கட்டடம் கொஞ்சம் இறங்கியது. செயலாளர் குருநாதன் தலையில் அடித்துக்கொண்டார். "அடப் பாவிங்களா, வூட்ல என்னடா பேசுறீங்க?"

"அது சும்மா பேசுறது, மாமா."

கோழிகள் கத்திக்கொண்டு வெளியே ஓடின. கட்டடம் தரையில் உட்கார்ந்தது. அம்பிகா ஒரே எட்டில் முற்றத்துக்கு இறங்கினார். இனி ஸ்டூலுக்கு வேலையில்லை என்று ராஜேஷ் அதை எடுத்துக்கொண்டு உள்ளே நடந்தான். மூன்றாம் வகுப்பு இலக்கியா குறுக்கே வந்து அவன் சட்டையைப் பிடித்தாள். டீச்சருடைய ஸ்டூலை எங்கே கொண்டுபோகிறாய் என்று தெலுங்கில் கேட்டாள். பிறகு அத்தனை பிள்ளைகளும் தெலுங்கில் அவனைத் திட்டினார்கள். கட்டடம் பழைய உயரத்துக்கு எழுந்து நின்றது.

அம்பிகாவின் கைப்பை உள்ளே மாட்டிக்கொண்டது. "தம்பி, நான் எப்படி ஏறுறது?" என்று கீழேயிருந்து கேட்டார்.

பிள்ளைகள் திட்டிய மொழியை அம்பிகா அறிக்கையில் எழுதினார்; அந்தஸ்து நிலைத்தது. ஆனியில் மேகலா என்ற தெலுங்கு ஆசிரியை சேர்ந்தாள். அவளும் ஸ்டூலில் ஏறித்தான் வருகிறாள்.

தெலுங்கு வகுப்பை விட்டுவிடாதீர்கள் என்பதுதான் சுகன்யா கடைசியாகச் சொன்னது என்று ஊரில் சொல்கிறார்கள். ராஜேஷ் மறுப்பதில்லை. அன்று காலை பெரம்பலூர் ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோவில் ஏற்றியபோது, அவள் தலையை வெளியே நீட்டிச் சொன்னது இது:

"ஏங்க, ஸ்டூலைப் போட்டுட்டு வாங்க. புள்ளைங்க வந்துடும்."