கேமராவா, கையா

1

கதை எழுதும் எண்ணமே எனக்கு இல்லை. என் தங்கை தன் கேமராவை என் மேசைமேல் வைத்து, "அண்ணா, இது கெட்டுப்போச்சுன்னு யாராவது சொல்ல மாட்டாங்களா?" என்றாள். தன் பொருள் கெட்டிருக்க வேண்டும் என்று ஏங்குகிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன். எழுதுகிறவனுக்கு வேறென்ன புத்தி இருக்கும்?

2

முதல் தொடக்கம்: 'மழை தூறிக்கொண்டிருந்த மாலையில் அந்தக் கேமரா' (மழையும் இல்லை, மாலையும் இல்லை. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: 'என் நண்பருக்குத் தெரிந்த ஒரு பெண்மணி' (இதைத் தங்கை படித்துவிட்டாள். "கூடப் பிறந்தவளை யாரோ பெண்மணின்னு எழுதுறியே, நல்லா இருப்பே!" அதுவும் போயிற்று.)

மூன்றாவது, நேராகவே: என் தங்கை நாடகங்களைப் படமெடுப்பவள். மேடையில் ஃபிளாஷ் போடக் கூடாது, வெளிச்சமும் குறைவு. அதனால் ஒவ்வொரு படத்துக்கும் கேமரா சற்றுக் கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் ஏதாவது ஆடினால் நடிகருக்கு இரண்டு மூக்கு. சில வாரங்களாக அவள் படங்களில் அவ்வப்போது இரண்டு மூக்கு வருகிறது.*

* கை லேசாக ஆடினாலும் படம் ஆடாமலிருக்க, கேமராவுக்குள் ஒரு சின்னத் தட்டு எதிர்ப்பக்கம் நகர்ந்து சரிக்கட்டும். அது தளர்ந்துவிட்டால், ஆடாத கை எடுத்த படத்தையும் அதுவே ஆட்டிவிடும். ஆடியது தட்டா கையா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

3

(தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி.)

எங்கள் அப்பாவுக்கு ஐம்பதை நெருங்கும்போதே கை நடுங்க ஆரம்பித்தது. கடைசியில் சட்டைப் பித்தானைக்கூட நாங்கள்தான் போட்டுவிட்டோம். தங்கைக்கு இப்போது அந்த வயது. டாக்டரிடம் போகச் சொன்னால், "முதல்ல கேமராவைக் காட்டிட்டு வரேனே" என்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை இன்னும் அழகாகச் சொல்ல வராமல் இல்லை. சொல்லப் பிடிக்கவில்லை.

4

ரிப்பேர்காரர் எப்படிப்பட்ட ஆள் என்பதில் எனக்கு ஏகப்பட்ட குழப்பம். முதல் வரைவில் அவரைச் சிடுமூஞ்சியாக்கி, மொட்டையும் அடித்துவிட்டிருந்தேன். நிஜத்தில் மனிதர் எங்களுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியையும் எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். ஆகவே முடியைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.

என் கோபத்துக்குக் காரணம் அவர் சொன்ன சேதி. சுவர்க் கடிகாரத்தைச் சளைக்காமல் படமெடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமே இல்லையே மேடம், நல்லாத்தானே இருக்கு" என்றார். போன முறையும் இதே கடிகாரம், இதே பதில். எல்லோரும் சந்தோஷப்படுகிற அந்த வார்த்தையைக் கேட்டுத் தங்கையின் முகம் விழுந்துவிட்டது. "அப்போ சரி, கிளம்பலாம்ணா" என்று எழுந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கேமராவைப் படுக்கையாகப் பிடித்துக் கடிகாரத்தை எடுக்கிறார். இவள் எடுப்பதோ மேடையில் நிற்கிற ஆட்களை. தலைமுதல் கால்வரை வரவேண்டும் என்று எப்போதும் கேமராவை நிமிர்த்தித்தான் பிடிப்பாள். நிமிர்த்தினால் உள்ளே இருக்கிற தட்டின் கனம் வேறு பக்கம் சாயும், இல்லையா? அதுவரை எங்கள் மூன்று பேருக்கும் இது தோன்றவே இல்லை.

5

கேமராவைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். அலமாரி ஓரம் தங்கையை நிறுத்தி, மேடையில் இருப்பதுபோன்ற மங்கல் வெளிச்சத்தில், நிமிர்த்திப் பிடித்து எடுத்தேன். முதல் படம் தெளிவு. அடுத்ததும் தெளிவு. அதற்கடுத்ததில் என் தங்கைக்கு இரண்டு மூக்கு.

"மாட்டிக்கிச்சு!" என்று கத்தியேவிட்டேன். தங்கை சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரிப்பேர்காரர் திருப்புளியைத் தேடினார்.

(கதையை இங்கே முடித்துவிடலாம். சத்தியமாக எனக்கு அதுதான் ஆசை.)

அவள் படத்தைப் பார்த்தாள். பிறகு கேமராவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள்.

"அண்ணா," என்றாள், "நீயும் அப்பா பிள்ளைதானே?"

6

முடிவு அ: தட்டைத் தாங்கும் கம்பிச்சுருள் தளர்ந்திருந்தது. மாற்றியதும் எல்லாம்

முடிவு ஆ: டாக்டரின் அறைக்கு வெளியே அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்

எந்த வாக்கியத்தையும் முடிக்க என்னால் ஆகவில்லை. நடந்தது இவ்வளவுதான். ரிப்பேர்காரர் கையை நீட்டி, "குடுங்க சார், நானே நிமிர்த்திப் பிடிச்சு எடுத்துப் பாக்கறேன்" என்றார். எவ்வளவு எளிய சோதனை! "குடுத்துடுண்ணா" என்றாள் தங்கை. ஆனால் கேமராவின் வாரை அவள் விடவில்லை. நானும் விடவில்லை.

அவரிடம் கொடுக்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை. உங்களிடம் தருகிறேன். நீங்கள் எங்கள் அப்பாவின் பிள்ளை இல்லை. நாங்கள் இருவரும் அலமாரி ஓரம் நிற்கிறோம். நிமிர்த்திப் பிடித்து, சலிக்காமல் நிறைய எடுங்கள். ஒன்றிலாவது இரண்டு மூக்கு வந்தால் கத்திச் சொல்லுங்கள். எல்லாமே தெளிவாக வந்தால் மட்டும், உடனே சொல்லிவிடாதீர்கள்.