பதினேழாவது ஆள்

"இவருக்கு மட்டும் ஏன் முகமில்ல, தெரியுமா?" என்று வழக்கம்போலக் கேட்டுவிட்டுக் கையை நீட்டிய பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள். முகம் இருந்தது. கூட்டத்தில் ஒரு பெண், "இருக்கே" என்றாள். பின்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

எட்டு வருடத்தில் அவள் பேச்சு இப்படிப் பாதியில் நின்றதே இல்லை. அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுவது அவள் வேலை; அங்கே அவளுக்கு ரேடியோ என்றுதான் பெயர். கட்டடம் ஒரு காலத்தில் நூல் ஆலையாக இருந்தது. தொழிலாளர்கள் சாப்பிட்ட கூடத்தின் நீளச் சுவரில் அவர்களிலேயே ஒருவர் வரைந்த ஓவியம். ஆளுயரத்தில் இருபத்து மூன்று பேர் வரிசையாக நிற்பார்கள். இடமிருந்து எண்ணினால் பதினேழாவது ஆள், ஆலைக்குள் போகும் வாசலை ஒட்டி நிற்பவர். அவருக்குக் கழுத்துக்கு மேலே வெறும் கறுப்பு. அவள் பிழைப்பே அந்தக் கறுப்பில்தான் இருந்தது. வேலைநிறுத்தத்தின்போது கூட இருந்தவர்களைக் காட்டிக்கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு வருடா வருடம் அதே நாளில் எல்லோரும் வரிசையில் வந்து இயந்திர எண்ணெயை அள்ளி அந்த முகத்தில் பூசினார்கள். "ஒரு மனுஷன மன்னிக்க எத்தன வருஷம் வேணும்?" என்று குரலைத் தாழ்த்தி அவள் முடிக்கும்போது இருமிக்கொண்டிருந்தவர்கள்கூட அடங்கிவிடுவார்கள். போன மாதம் அவள் மகள் இதே கதையைப் பள்ளிக்கூடத்தில் சொல்லி முதல் பரிசு வாங்கி வந்தாள். கோப்பை வீட்டில் டிவி மேல் இருக்கிறது.

அன்று அந்தக் கூட்டத்தை எப்படியோ இயந்திரங்கள் பக்கம் ஓட்டிவிட்டுத் திரும்பி வந்தாள். ஓவியத்தைச் சுத்தம் செய்ய வந்திருந்தவர் சிறிய ஏணியில் உட்கார்ந்து பதினெட்டாவது ஆளின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். குச்சியில் பஞ்சைச் சுற்றி, அதை வாயில் வைத்து நனைத்து, ஒரு நகம் அளவு இடமாக உருட்டி உருட்டி எடுக்கிற மனிதர். மூன்று வாரமாக இடது கோடியிலிருந்து வருகிறார். அந்த முகத்தை மட்டும் தொட வேண்டாம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் போய்ச் சொல்வது? அவருக்குக் கொடுத்த தாளில் 'அழுக்கு நீக்கவும்' என்று மட்டும் இருந்தது.

"என் கதையையே எச்சியத் தொட்டு அழிச்சிட்டீங்களே, சார்!"

"எந்தக் கதை?"

அவள் சொன்னாள். கோபத்திலும் குரல் சரியான இடத்தில் தாழ்ந்தது. அவர் முழுதும் கேட்டுவிட்டு, வேலைக்கு முன்பு எடுத்த படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிக் காட்டினார்.

"எண்ணெய் எச்சில்ல போகாதும்மா. அதுவும் இயந்திர எண்ணெய், வாய்ப்பே இல்ல. இது கை அழுக்கு. கன்னத்துல அப்பியிருக்கு பாருங்க, ஓரம் போகப் போக லேசாகுது. அள்ளிப் பூசினா இப்படி வராது. மாடிப்படி கைப்பிடி எப்படிக் கறுக்குது? அதே கணக்குத்தான். யாரோ தொட்டுத் தொட்டு வந்தது. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல."

எண்ணெய் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவளுக்கு முன்னால் இருந்தவர், 'அந்த ஆள் துரோகியாம்' என்று போகிற போக்கில் சொன்னதோடு சரி. கதை கொஞ்சம் வறட்சியாக இருக்கிறதே என்று எண்ணெயைச் சேர்த்தது அவள்தான். வருடா வருடம், அதே நாள், வரிசை எல்லாம் அடுத்தடுத்த மாதங்களில் தாமாக வந்து ஒட்டிக்கொண்டவை. அவளுக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்க அவளுக்கு அப்போது பொறுமை இல்லை.

நிர்வாகி வந்தார். ஓவியத்தைப் பார்த்தார், தலையில் கை வைத்தார். முகமில்லாத மனிதர்தான் சுவரொட்டியில், பையில், காப்பிக் கோப்பையில், நுழைவாயில் பலகையில் எல்லாம்.

"சரி, போனது போகட்டும். அத திரும்பப் பூசிடலாமா?"

"எத சார்?" என்றார் சுத்தம் செய்பவர்.

"அழுக்கத்தான்."

"சார், அது யாரும் பூசினதே இல்லையாம்," என்றாள் அவள். "கதையே தப்பு."

"தப்போ சரியோ, உங்க குரல்ல நாலு நிமிஷம் பதிவு பண்ணி வச்சிருக்கு. காதுல மாட்டிட்டு வந்து நிக்கறவங்க முன்னாடி இந்த ஆள் முழிச்சிட்டு நின்னா நல்லாவா இருக்கும்? மதியத்துக்குள்ள முடிச்சிடுங்க. தண்ணில கரையற சாயம்தானே, வேணும்னா அப்புறம் எடுத்துக்கலாம்."

அவர் போனார். சுத்தம் செய்பவர் தட்டில் கறுப்பைக் குழைக்க ஆரம்பித்தார். என்ன மனிதர் இவர், ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லக்கூடாதா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு, தான் மட்டும் என்ன பெரிதாகச் சொல்லிக் கிழித்தோம் என்று தோன்ற, வேறு வழியில்லாமல் அந்த முகத்தைப் பார்த்தாள். விரிந்த காதுகள். நடுவில் வெட்டுப்பட்ட இடது புருவம். தாடை ஒரு பக்கமாக இழுத்திருந்தது. தினமும் காலையில் டிக்கெட் கூண்டின் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து அவளுக்கு வணக்கம் சொல்லும் காதும் தாடையும் அல்லவா இவை!

டிக்கெட் கொடுக்கும் கூண்டில் அவர் வரிசையாகச் சீட்டுகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். வழியில் யோசித்து வைத்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோனது.

"அண்ணா, அந்தப் பதினேழாவது ஆளு..."

"எங்கப்பா," என்றார், முத்திரையை நிறுத்தாமல்.

"காட்டிக்கொடுத்தவரா?"

"மெஷின்ல கை மாட்டி, அதுலயே போயிட்டாரு. எனக்கு அப்ப நாலு வயசு. உள்ள போறவங்க எல்லாரும் அவரத் தொட்டுட்டுத்தான் மெஷினப் போடுவாங்களாம். அம்மாவுக்கும் இங்கயே வேலை குடுத்தாங்க. சாப்பாட்டு நேரத்துல என்னத் தூக்கிக் காட்டுவாங்க, நானும் தொடுவேன். கன்னம் சில்லுனு இருக்கும்."

அந்தக் கூண்டுக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய பலகைத் தடுப்புதான். ஒரு நாளைக்கு ஆறு கூட்டம், எட்டு வருடம். அவள் குரல் தாழ்ந்தாலும் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிற குரல். அதில் அவளுக்குப் பெருமைகூட உண்டு.

"ஏண்ணா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்ல வந்தேனே. நீங்க வேலைக்குச் சேந்த புதுசுல. 'கூட்டம் நிக்குதுண்ணா, அப்புறம் பேசலாம்'னீங்க."

அவளுக்கு அது நினைவே இல்லை. எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பாள் அதை!

"முகம் இப்பத் தெரியுதுண்ணா," என்று மட்டும் சொன்னாள். "மதியத்துக்குள்ள மறுபடியும் கறுப்பாக்கச் சொல்லியிருக்காங்க."

முத்திரைச் சத்தம் நின்றது. வரிசையில் முதலில் நின்றவர் சீட்டுக்குக் கை நீட்டியபடியே இருந்தார். டிக்கெட்காரர் கண்ணாடியின் ஓட்டையை 'சற்றுப் பொறுக்கவும்' பலகையால் மூடிவிட்டு வெளியே வந்தார். அவர் கூண்டை விட்டு இந்த நேரத்தில் இறங்கி அவள் பார்த்ததில்லை. லேசாகத் தாங்கித் தாங்கி நடப்பார் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

ஓவியத்துக்கு முன்னால் கட்டியிருந்த கயிற்றை அவள் கழற்றினாள். ஏணியில் இருந்தவர் அவரையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தட்டையும் தூரிகையையும் கீழே வைத்து இறங்கி வழிவிட்டார். அப்பா மகனைவிடச் சின்னவராக, முப்பது வயதுக்காரராக நின்றார். வாசலில் அடுத்த கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. யாரோ, "ஆரம்பிக்கலையா?" என்றார்கள்.

டிக்கெட்காரர் கையைத் தூக்கினார். இப்போது தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டியதில்லை, அவருக்கே எட்டியது. கன்னத்தில் வைத்த கையைக் கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. எடுத்தபோது, அப்போதுதான் துடைத்த அந்தக் கன்னத்தில் முத்திரை மையின் ஊதாவில் ஒரு கட்டைவிரல் ரேகை பளிச்சென்று விழுந்திருந்தது. சுத்தம் செய்பவர் பழக்கதோஷத்தில் பஞ்சுக்குச்சியை வாயில் வைத்து நனைத்துவிட்டார். நனைத்த குச்சியைக் கையில் பிடித்தபடி, ஏணி பக்கத்தில் அப்படியே நின்றார்.